முதல் இடத்தில் 422 நாள்கள்

14.3.2022 — 131
30.6.2022 — 74
12.9.2022 — 19
3.10.2022 — 1
3.1.2023 — 1
3.5.2023 — 1
3.9.2023 — 1
29.11.2023 — 1

ஜோகூரில், ரெங்கத்துக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் கிருஷ்ணம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை வரிசையில் இருந்த இடம் அது. குளுவாங்கில் உள்ள ஓர் அறநிலையம் அந்த வரிசையை நடத்தியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மருத்துவர்கள் வந்து பதினெட்டுப் பேருக்கு இலவசமாகப் புரை எடுப்பார்கள். கிருஷ்ணம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. முதல் இடத்துக்கு வந்த பிறகு 422 நாள்கள் அவர் முதல் இடத்திலேயே இருந்தார். அதற்குள் பதின்மூன்று சனிக்கிழமைகள் போயின. 234 பேர் அவரைத் தாண்டிப் போனார்கள்.

அந்த வரிசையை இயக்கிய மென்பொருளை எழுதியவர் சுகுமாறன்.

சுகுமாறன் பிறந்தது 1968-இல், அதே ரெங்கம் பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில். இருபது வயதில், கிளினிக்குகளில் எண் சீட்டு கொடுக்கும் இயந்திரம் பொருத்துகிறவருக்கு உதவியாளாகப் போனார். பித்தானை அமுக்கினால் சீட்டு வரும், மணி அடித்தால் சுவரில் எண் மாறும். சீட்டு வந்த பிறகு கிளினிக்கில் யாரும் யாரையும் முட்டித் தள்ளுவதில்லை என்பதை அவர் கவனித்தார். எண் கையில் இருந்தால் மனிதர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிற்பாடு மாலை வகுப்பில் கணினி படித்து, உலு திராமில் கடைவரிசை மாடியில் இருந்த சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தபோதும் அவருக்கு வாய்த்தது அதே வேலைதான். இணையத்தளங்களுக்கு வரிசை கட்டுவது. தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ பேருந்து டிக்கெட் திறந்தால் ஒரே நிமிடத்தில் நாற்பதாயிரம் பேர் தளத்துக்குள் நுழையப் பார்ப்பார்கள். தளம் படுத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வாசலை வைத்து, எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்து, "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்" என்று திரையில் காட்டி, இருநூறு இருநூறாக உள்ளே விடுவதுதான் அவர் எழுதிய மென்பொருள். அதில் அவர் கெட்டிக்காரர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பண்டிகைக்கும் அவருடைய வாசல் உடைந்ததில்லை.

கண் அறநிலையத்துக்கான மென்பொருளை அவர் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தார். வரிசையில் தம் இடம் என்ன என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதல் சனிக்கிழமை நெருங்கும்போது வரிசையின் தலையில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கு, ஒரு வாரத்தில் சிலர் சிலராக, குறுஞ்செய்தி போகும். வருவதாக இருந்தால் மலாயில் "யா", இல்லாவிட்டால் "தீடாக்" என்று பதில் போட வேண்டும். செய்தி போனவுடன் அந்தப் பெயர் வரிசையை விட்டு, பதிலுக்காகக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். பதினான்கு நாள்களுக்குள் பதில் வராவிட்டால் இடம் போய்விடும்.

இதில் அவர் இரண்டு இடங்களில் கை வைத்தார். இரண்டுமே இரக்கத்தால் செய்தவை.

ஒன்று: கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கைபேசியில் இரண்டு செய்தி போய், எதற்கு யார் பதில் போட்டார் என்று குழம்புகிறது என்றார்கள். உடனே ஒரு நிபந்தனை எழுதினார். ஓர் எண்ணுக்கு ஏற்கெனவே ஒரு செய்தி போயிருந்து, அதற்குப் பதில் வராதிருந்தால், பதில் வரும்வரை அந்த எண்ணுக்கு அடுத்த செய்தியை அனுப்பாதே.

இரண்டு: அறநிலைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷர்மினி ஒருநாள் ஃபோன் செய்தாள். "அங்கிள், எஸ்டேட் ஆளுங்களுக்கு லைன் கெடைக்கறதே கஷ்டம். பதினாலு நாள் போயிட்டா பேர் போயிருது. பாவம்லா அவங்க." சுகுமாறன் 6.9.2022 அன்று பதினான்கை அழித்துச் சுழியம் போட்டார். அந்த நிரலில் சுழியம் என்றால் முடிவே இல்லை என்று பொருள். பக்கத்தில் "பிறகு பார்க்க" என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். ஒரு பெயர் பதில் வராமல் கிடந்தால் முப்பது நாளுக்கு ஒரு முறை அவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படியும் செய்தார். சோதனை நேரத்தில் அந்த மின்னஞ்சல்கள் தொல்லை கொடுக்கவே, வந்தவுடன் அவை தனிப் பெட்டிக்குள் போய் விழும்படி மாற்றினார். அந்தப் பெட்டியை அதன்பின் அவர் திறக்கவில்லை.

29.11.2023, புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஷர்மினி கூப்பிட்டாள்.

"அங்கிள், இங்க ஓர் அம்மா வந்து உக்காந்திருக்காங்க. இடம் ஒண்ணுன்னு காட்டுது."

"அப்ப அடுத்தது அவங்கதானே?"

"அதத்தான் நானும் சொன்னேன். போன வருசத்துலேருந்து ஒண்ணுதான் காட்டுதாம். டாக்டர் இப்பதான் பாத்தாரு அங்கிள். வலது கண்ணு போயிருச்சு."

புரை முற்றி, உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது. அதற்கு இனிச் செய்ய எதுவும் இல்லை. இடது கண்ணும் அதே வழியில் போகிறது, இரண்டு மூன்று மாதங்களுக்குள் எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சுகுமாறன் கணினியைத் திறந்து பார்த்தார். கண்டுபிடிக்க ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. கிருஷ்ணம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த அதே கைபேசி எண் இன்னும் நான்கு பேருக்கு எதிரேயும் இருந்தது. அவர்களில் ஒருவர் மணியம், வயது 74. மணியத்துக்கு 26.9.2022 அன்று செய்தி போயிருந்தது. பதில் வரவில்லை. பதில் வராததால் கிருஷ்ணம்மாவுக்குச் செய்தியே போகவில்லை. வேறு எண் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தனிப் பெட்டியையும் திறந்தார். பதினான்கு மின்னஞ்சல்கள் படிக்கப்படாமல் கிடந்தன. பதினான்கிலும் ஒரே பெயர்தான் இருந்தது: மணியம்.

"அங்கிள், இன்னொண்ணு," என்றாள் ஷர்மினி. "ஒரு வருசம் தாண்டினதும் சிஸ்டமே, எடத்த அப்படியே வச்சிட்டு, அவங்க பேருக்கு 'பதில் இல்லை'ன்னு போட்டிருக்கு. ரூல்படி அவங்க புதுசா விண்ணப்பப் பாரம் போடணும். போட்டா எடம் எரநூத்து அம்பத்தொண்ணு."

"அவங்களுக்குச் செய்தியே போகலையேம்மா."

"அத நீங்கதான் எழுதிக் குடுக்கணும். சிஸ்டம் தப்புன்னு கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும், அசல். இருந்தா கமிட்டி பழைய எடத்துலயே சேத்துரும். ஜனவரி லிஸ்ட் டிசம்பர் பதினாலு அஞ்சு மணிக்கு குளோஸ் அங்கிள். மறந்துராதீங்க."

கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரு கிழவியின் பெயரில் பதிந்து வைத்திருந்தது அவர் எழுதிய நிரல். அன்று பின்னேரம் முதலாளி தயானந்தனின் அறைக்குப் போனார்.

தயானந்தனுக்கும் அவருக்கும் பதினெட்டு ஆண்டுப் பழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"லெட்டர் குடுக்க வேணாம்னு நான் சொல்லல சுகு. இப்ப வேணாங்கிறேன். பஸ் கம்பெனி டெண்டர் பதினாலாம் தேதி மத்தியானம் முடியுது. அந்தக் கண்ணு ஆபீஸ் கமிட்டியில இருக்கற ஒருத்தர் இந்த பஸ் கம்பெனி போர்டுலயும் இருக்கார். உன் லெட்டர் அவர் மேசைக்குப் போனா, நாளைக்கு டிக்கெட் வரிசைய நம்ம கையில குடுப்பாரா?"

"ஜனவரி லிஸ்டும் பதினாலாம் தேதிதான்."

"பன்னெண்டு மணிக்கு நம்ம வேல முடியும். அஞ்சு மணி வரைக்கும் உனக்கு நேரம் இருக்கு. நானே கார் தர்றேன், போ. இங்க ஏழு பேர் சம்பளம் இருக்கு, யோசிச்சுப் பாரு."

சுகுமாறன் யோசித்துப் பார்த்தார். நிரலில் இருந்த சுழியத்தை மட்டும், இனிப் போகும் செய்திகளுக்கு, அன்றே மீண்டும் பதினான்காக்கினார். கடிதத்தை அன்றிரவே எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டினார். அந்த உறை பதினெட்டு நாள்கள் அவருடனேயே இருந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு. ஜோகூரில் அப்போது ஞாயிறு வேலைநாள். விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று தீர்மானிக்காமலேயே போனார்.

கிருஷ்ணம்மா லயத்து வரிசையில் தம் வீட்டின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கண் சாம்பல் நிறத்தில் இருந்தது. வந்தவரை நேராகப் பார்ப்பதற்காகத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"கண்ணு ஆபீஸ்லேருந்து வர்றீங்களா தம்பி? உக்காருங்க. தே ஓ குடிப்பீங்களா?"

"வேணாங்கம்மா."

"அட, குடிங்க. யோகேசு, ஒரு தே ஓ கலக்கும்மா. சீனி கொறச்சு. ஆளப் பாத்தாலே இனிப்புநீர்க்காரர் மாதிரி இருக்காரு."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யோகேஸ்வரி பக்கத்து வீடு. தோட்டத்துப் பாலர் பள்ளியின் ஆசிரியை. அந்த லயத்தில் மலாய்ச் செய்தியை வாசித்து உடனே பதில் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் பள்ளிக்கூடப் பாரமோ, மருத்துவமனைப் பாரமோ, உதவித் தொகையோ, எதிலும் தொலைபேசி எண் கேட்டால் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் டீச்சரின் எண்ணைத்தான் எழுதுவார்கள். சுகுமாறனுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. அவர் பிறந்த தோட்டத்திலும் முப்பது வீட்டுக்கு ஒரே எண்தான், கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் எண். நிபந்தனையை எழுதிய அன்று உலு திராமின் குளிர்சாதன அறையில் அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"மணியம்னு ஒருத்தர்..." என்று தொடங்கினார்.

பாலில்லாத் தேநீரை நீட்டிய யோகேஸ்வரியின் கை நின்றது. "அந்த ஐயா தவறிட்டாருங்க. போன வருசம் செப்டம்பர் இருபது. அவர் பேருக்கு மெசேஜ் வந்தப்ப ஏழு நாள்கூட ஆகல."

"நீங்க பதில் போடலையா?"

"என்னன்னு போடறது சார்? யா-ன்னு போட்டா செத்தவர் வர்றாருன்னு ஆயிரும். தீடாக்-னு போட்டா, கண்ணு வேணும் கண்ணு வேணும்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்த மனுசன், வேணாம்னு சொன்னதா ஆயிரும். அவர் சம்சாரம் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. எனக்குக் கை வரல. அப்படியே வச்சிட்டேன்."

செய்திக்கு இரண்டே பதில்கள் வைத்திருந்தார் சுகுமாறன். செத்தவருக்கு என்று மூன்றாவது ஒன்று வைக்கவில்லை.

"இப்ப லயமே என்னைத்தான் சொல்லுது," என்றார் யோகேஸ்வரி. "டீச்சர் மெசேஜுக்குப் பதில் போடாம விட்டா, அம்மாவுக்குக் கண்ணு போச்சுன்னு. நானும் பழச எல்லாம் தேடித் தேடிப் பாத்துட்டேன் சார். அம்மா பேருக்கு ஒண்ணுமே வரல. யாருக்கும் நம்பிக்க இல்ல. இப்ப யார் பாரத்துலயும் என் நம்பர் இல்ல."

"அவளத் திட்டாதீங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்றார் கிருஷ்ணம்மா. "தப்பு என்னோடது தம்பி. செப்டம்பர்ல இந்தக் கண்ணு அப்படி வலிச்சிச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஒன்னாம் நம்பர்ல இருக்கறவ எதுக்கு வேற எடத்துல போயி கடைசியில நிக்கணும்னு இருந்துட்டேன். ஒன்னுன்னா அடுத்தது நாமதானே?"

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. சுகுமாறன் அதை எடுத்திருக்கலாம். "செய்யலாம்மா, பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னார். தேநீரைக் குடித்து முடித்தார். சீனி குறைவாகத்தான் இருந்தது.

டிசம்பர் 14, வியாழன். டெண்டர் பகல் பன்னிரண்டுக்கு முடிந்தது. தயானந்தன் ஏழு பேரையும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். சுகுமாறன் வாசலிலேயே நின்றார்.

"கார் சாவி குடுங்க, நான் கெளம்பறேன்."

"சாப்ட்டுட்டுப் போ மனுசா. குளுவாங் எங்க ஓடியா போகப் போகுது?"

இலை போட்டார்கள். தயானந்தன் அவருடைய இலையில் தாமே மீன் துண்டை எடுத்து வைத்தார். இரண்டு மணியாயிற்று. ரசம் வந்தது. மூன்று பத்துக்குக் கிளம்பினால் நான்கு ஐம்பதுக்குப் போய்விடலாம் என்று சுகுமாறன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். மூன்று பத்துக்குத் தயானந்தன் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். "டெண்டர் முடிஞ்சிச்சு, முடிவு இன்னும் சொல்லலையே சுகு. ஒரு ரெண்டு மூணு நாள். அந்தப் பொண்ணு ஷர்மினிகிட்டச் சொன்னா லிஸ்ட்ல ஒரு பேரச் சேக்க மாட்டாளா?" சேர்க்க முடியாது என்று சுகுமாறனுக்குத் தெரியும். பட்டியல் மூடிய பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாதபடி பூட்டு வைத்தவரே அவர்தான். எழுந்து போயிருக்கலாம். பேருந்து இருந்தது, வாடகைக் கார் இருந்தது. அவர் மோர் வாங்கிக் குடித்தார்.

கடிதத்தை 17.12.2023, ஞாயிறு காலை நேரில் கொண்டு போய்க் கொடுத்தார். ஷர்மினி உறையின் மேல் தேதி முத்திரை குத்தினாள். முத்திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அலமாக், அங்கிள்," என்று மட்டும் சொன்னாள்.

டெண்டர் வேறு நிறுவனத்துக்குப் போயிற்று. அவர்கள் விலை குறைவு. முடிவு பதினான்காம் தேதி பிற்பகலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்று பின்னால் தெரிந்தது. சுகுமாறன் மோர் குடித்துக்கொண்டிருந்த நேரம்.

அறநிலையம் 8.1.2024 தேதியிட்ட கடிதத்தில் கிருஷ்ணம்மாவின் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஜனவரி 6-ஆம் தேதி பட்டியல் முடிந்துபோயிருந்ததால் சிகிச்சை பிப்ரவரி 3-க்குத் தள்ளிப் போயிற்று. இடையில் இருபத்தெட்டு நாள்கள். ஜனவரி 11, வியாழக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் துணி எடுக்கப் போன கிருஷ்ணம்மா கால்வாயின் விளிம்பு தெரியாமல் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடுதான் அவர் சிகிச்சைக்கு வந்தார்.

இடது கண் பிழைத்தது.

422 நாள்களுக்கு ஒரு காரணம் சொல்லலாம். யாருக்கும் வரக்கூடிய பிழை, நல்ல எண்ணத்தில் செய்தது, சுழியத்துக்குப் பதில் பதினான்கு என்று இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இருபத்தெட்டு நாள்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இவற்றில் நிரல் இல்லை, நிபந்தனை இல்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்ட ஒரு மனிதர் மட்டும் இருந்தார்.

பிப்ரவரி 18 அன்று சுகுமாறன் மறுபடியும் தோட்டத்துக்குப் போனார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. யோகேஸ்வரியையும் கூப்பிட்டு நிற்கச் சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நிபந்தனையைச் சொன்னார், சுழியத்தைச் சொன்னார், திறக்காத பெட்டியைச் சொன்னார். கடைசியில் டிசம்பர் 14 மதியத்தைச் சொன்னார்.

கிருஷ்ணம்மா இடது கண்ணால் அவரை நேராகப் பார்த்தார். தலையைச் சாய்க்கவில்லை.

"அன்னைக்கு வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

"தே ஓ குடிச்சீங்களே."

கிருஷ்ணம்மா இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"கை ஒடஞ்சது அந்த இருபத்தெட்டு நாள்லதானே?"

"ஆமாங்கம்மா."

கிருஷ்ணம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "மன்னிப்புல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க தம்பி. குடுக்கற மாதிரி இருந்தா நானே குடுப்பேன். இப்ப இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இப்ப வாயால சொன்னீங்கள்ல, அத அப்படியே எழுதி, ஆபீஸ் சாப்பு குத்தி வாங்கிட்டு வாங்க. இவ பேரு கெட்டுப் போய்க் கெடக்குது."

யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுகுமாறன் இரண்டு நாள் கழித்து அறநிலையத்துக்கு எழுதினார். கிருஷ்ணம்மாவின் கோப்பில் இருக்கும் "பதில் இல்லை" என்ற வரியை நீக்க வேண்டும். தாமதத்தின் காரணத்தை நாள் கணக்கோடு எழுத வேண்டும். அதில் தம்முடைய பெயர் இருக்க வேண்டும். தயானந்தனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். தயானந்தன் வாசித்துவிட்டு, "ஓட்டல்ல சாப்ட்டதெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டார். "எழுதணும்" என்றார் சுகுமாறன். அதற்குப் பிறகு இருவரும் வேலை விஷயம் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள்.

நிரலையும் திருத்தினார். பதினான்கு நாள்களுக்குள் பதில் வராவிட்டால் இனி இடம் போகாது, ஷர்மினி நேரடியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஓர் எண்ணில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவருக்காக இன்னொருவர் நிற்க வேண்டியதில்லை. பதில்களில் மூன்றாவதாக "காலமானார்" என்று ஒன்றைச் சேர்த்தார். பதினேழு மாதங்கள் பதிலுக்காகக் காத்திருந்த மணியத்தின் பெயரை அந்தப் பதிலைக் கொடுத்துத் தம் கையாலேயே முடித்துவைத்தார்.

மே மாதம் 6-ஆம் தேதி அறநிலையத்திலிருந்து கடிதம் வந்தது. "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று ஒரே வரி. பெயர் இல்லை, நாள் இல்லை. எல்லோரையும் காப்பாற்றும் கடிதம் அது. முதலில் காப்பாற்றியது அவரை. வேறொருவராக இருந்தால் மடித்து வைத்திருப்பார். ஆறு மாதம் முன்பு அவரே மடித்து வைத்திருப்பார். சுகுமாறன் அதை மே 9 அன்று, தவறான இடங்களில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மாதங்கள் பதில் இல்லை. எத்தனையோ ஆயிரம் பேரை எண் கொடுத்து உட்கார வைத்தவர், தாம் எத்தனையாவது ஆள் என்று தெரியாமல் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

பிறகு வந்த கடிதம், கிருஷ்ணம்மாவின் பெயருக்குத் தோட்டத்து முகவரிக்கே போயிற்று. அறநிலையத்தின் முத்திரை குத்தியிருந்தது. யோகேஸ்வரி அதை லயத்து வாசலில் நின்று, மலாயில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் உரக்க வாசித்தார். வலது கண்: பார்வை இல்லை. இடது கண்: கண்ணாடியோடு வாசிக்கலாம். தாமதம் 422 நாள்கள்: மென்பொருளில் பிழை, எழுதியவர் சுகுமாறன். மேலும் 28 நாள்கள்: மேற்படி சுகுமாறன், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் இருந்தது. விண்ணப்பதாரர் மீதும், தொலைபேசி எண்ணின் உரிமையாளர் மீதும் தவறு இல்லை. வாசித்து முடித்ததும் மணியத்தின் சம்சாரம் உள்ளே போய், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பாரத்தை எடுத்துவந்து, தொலைபேசி எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டி யோகேஸ்வரியிடம் நீட்டினார்.

சுகுமாறனுக்கு அதன் பிரதி ஒன்று அதே நாளில் தபாலில் வந்தது: 11.7.2024, வியாழக்கிழமை.